இருட்டில் வளரும் பவளம்: கடலடிப் பள்ளத்தாக்குகளில் யார் குடியிருக்கிறார்கள்?

பவளம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரே காட்சிதான் மனதில் வரும். தெளிந்த நீலத் தண்ணீர், அடிவரை இறங்கும் வெயில், கிளைகளுக்கு நடுவே வண்ண மீன்கள். அந்தக் காட்சி பொய்யில்லை, ஆனால் பாதிதான். இதுவரை பெயரிடப்பட்ட பவள வகைகளில் பாதிக்கும் மேற்பட்டவை வாழ்வது ஆழமான, குளிர்ந்த, வெளிச்சம் மங்கிப்போன அல்லது அறவே இல்லாத தண்ணீரில். சில நூறு மீட்டர் ஆழத்திலும் இருக்கின்றன, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலும் இருக்கின்றன.

அங்கே அவை சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஆழ்கடல் தரையின் பெரும்பகுதி மெத்தென்ற சேறு. அதன் மேல் மணிக்கணக்கில் ஊர்ந்து போனாலும் ஒரு பவளக் கிளைகூடக் கண்ணில் படாது. அப்புறம் திடீரென்று ஒரு செங்குத்துச் சுவர் எதிரே வரும். அதில் வெள்ளையும் ஆரஞ்சும் சிவப்புமாகப் பவளங்கள், இடையிடையே குடுவை போலவும் விசிறி போலவும் கடற்பஞ்சுகள். ஏன் இங்கே மட்டும் இவ்வளவு கூட்டம்? இதற்கு விடை தேடினால் பவளத்தைவிட அந்தச் சுவரையும் அதை உரசி ஓடும் தண்ணீரையும் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும். எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

கடலுக்குள் ஒரு பள்ளத்தாக்கு

கரையிலிருந்து கடலுக்குள் இறங்கினால் தரை உடனே அதலபாதாளத்துக்குப் போய்விடாது. பெரும்பாலான இடங்களில் முதலில் கண்டத்திட்டு என்ற தட்டையான பகுதி வரும். பல கிலோமீட்டர் தூரத்துக்கு மெல்லச் சரிந்து, ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்தில் ஒரு விளிம்பில் முடியும். அந்த விளிம்பைத் தாண்டினால் கண்டச்சரிவு. தரை அங்கிருந்து மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் ஆழம்வரை இறங்கும். இந்தச் சரிவை மேலிருந்து கீழாக உளியால் கீறியது போல வெட்டிக்கொண்டு போகும் ஆழமான பிளவுகள்தான் கடலடிப் பள்ளத்தாக்குகள்.

இவை அபூர்வமானவை என்று நினைத்துவிட வேண்டாம். 2014-இல் வெளியான உலகக் கடலடி வரைபட ஆய்வு ஒன்று, பெரியவற்றை மட்டுமே 9,000-க்கும் மேல் கணக்கிட்டது. கலிபோர்னியாவின் மான்டெரே பள்ளத்தாக்கு கரையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. அதன் ஆழத்தை அமெரிக்க நிலப்பரப்பில் உள்ள மாபெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனோடு ஒப்பிடுவது வழக்கம். பெரிங் கடலில் உள்ள ஸெம்சுக் பள்ளத்தாக்கு அதையும் விஞ்சியது. அதன் விளிம்புக்கும் அடிக்கும் இடையே சுமார் 2,600 மீட்டர்.

இவற்றை வெட்டியது யார்? சிலவற்றின் தலைப்பகுதியை ஆறுகள் தொடங்கிவைத்தன. பனியுகங்களில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர்வரை தாழ்ந்திருந்தது. அப்போது கண்டத்திட்டு வெறும் நிலம். ஆறுகள் அதன் விளிம்புவரை ஓடி மணலைக் கொட்டின. ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் எந்த ஆறும் ஓடியிருக்க முடியாது. அங்கே வெட்டும் வேலையைச் செய்தது கலங்கல் நீரோட்டம். சேறும் மணலும் கலந்து கனத்துப்போன தண்ணீர், சுற்றியுள்ள தண்ணீருக்கு அடியில் பனிச்சரிவு போலப் பாய்ந்து இறங்கும்.

இப்படியொன்று உண்டு என்பதற்குச் சாட்சி ஒரு விபத்திலிருந்து கிடைத்தது. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம். அட்லாண்டிக்கின் அடியில் கிடந்த தந்தி வடங்களில் மையத்துக்கு அருகிலிருந்தவை உடனே அறுந்தன. அது புரிகிறது. ஆனால் சரிவில் கீழே கிடந்த மற்ற வடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழாக வரிசை தவறாமல் அறுந்துகொண்டே போயின. கடைசி வடம் அறுந்தபோது நிலநடுக்கம் முடிந்து 13 மணி நேரம் கடந்திருந்தது. மொத்தம் 12 வடங்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நேரக் குறிப்புகளை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டார்கள். எந்த வடம் எப்போது அறுந்தது என்பது தந்தி நிலையங்களில் நிமிடக் கணக்காகப் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவே ஒரு வேகமானியாக அமைந்துவிட்டது. சேற்று வெள்ளம் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கடலடியில் பாய்ந்திருக்கிறது என்று 1952-இல் விளக்கினார்கள்.

இவ்வளவு முரட்டு இடத்தில் பவளம் எப்படி வாழும் என்று கேட்கத் தோன்றும். அது சரியான கேள்விதான். பள்ளத்தாக்கின் நடுத்தரையில் பவளம் அதிகம் வாழ்வதில்லை. அது சேறு ஓடும் பாதை. குடியிருப்பு எல்லாம் சுவர்களிலும் படிக்கட்டு போன்ற பாறை விளிம்புகளிலும்தான்.

நகராத உயிர், நகரும் தண்ணீர்

ஒரு பவளக் கிளையை அருகில் வைத்துப் பார்ப்போம். ஆழ்கடலில் அதிகம் பேசப்படும் வகை லொஃபீலியா. அதன் எலும்புக்கூடு சுண்ணாம்பால் ஆனது, நல்ல வெள்ளை. கிளை நெடுக விரல் நுனி அளவில் சிறு சிறு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் பாலிப் எனப்படும் ஒரு குட்டி உயிர் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி போன்ற உடல், நடுவில் ஒரு வாய், வாயைச் சுற்றி வட்டமாகக் கைகள். கைகள் முழுக்கக் கொட்டும் உயிரணுக்கள். தண்ணீரோடு மிதந்து வரும் கடுகளவு இறால் இனம் ஒன்று கையில் பட்டால் அது கொட்டுப்பட்டு ஒட்டிக்கொள்ளும். கை மெதுவாக மடிந்து வாய்க்குக் கொண்டுபோகும். அவ்வளவுதான் வேட்டை.

வெயில் கடலின் பவளங்களுக்கு வேறொரு வசதி உண்டு. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் சூரிய ஒளியில் சர்க்கரை தயாரித்துக் கொடுக்கும். ஆழத்துப் பவளத்துக்கு அந்தத் துணை இல்லை. ஆகவே வெளிச்சம் தேவையில்லை, 4 முதல் 12 டிகிரி செல்சியஸ் குளிரும் லொஃபீலியாவுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் சாப்பாடு முழுவதும் வெளியிலிருந்து வர வேண்டும். தேடிப் போகவும் முடியாது. குஞ்சுப் பருவத்தில் மட்டும் தண்ணீரில் மிதந்து அலையும். ஒரு முறை பாறையில் ஒட்டிவிட்டால் அதுதான் ஆயுளுக்கும் விலாசம்.

இதில் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. ஒட்டுவதற்கு உறுதியான இடம் வேண்டும். சேற்றில் ஒட்டினால் மூழ்கிப்போகும். அடுத்து, சாப்பாட்டைச் சுமந்துவரும் தண்ணீர் நிற்காமல் வர வேண்டும். கடலடிப் பள்ளத்தாக்கு இரண்டையும் ஒரே இடத்தில் தருகிறது. செங்குத்தான சுவரில் சேறு தங்காது, அதனால் பாறை வெளியே தெரியும்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சுவையானது. ஆழ்கடலில் எல்லாருக்கும் பசி. மேல்பரப்பில் நுண்பாசிகள் உண்டாக்கும் உணவில் சில சதவீதம்தான் ஆழத்துத் தரைவரை வந்து சேரும். மீதியை நடுவழியிலேயே மற்ற உயிர்கள் தின்று தீர்த்துவிடும். செத்த பாசி, கழிவு, சளி எல்லாம் சிறு துகள்களாகச் சேர்ந்து மெல்ல மெல்லக் கீழே உதிர்வதைக் கடல்பனி என்பார்கள். திறந்த கடலடியில் இது தூறல். பள்ளத்தாக்கில் புனலில் ஊற்றியது போல ஒரே பாதையில் திரண்டு இறங்கும்.

அதற்குக் காரணம் தண்ணீரின் ஓட்டம். விளிம்பை ஒட்டி ஓடும் நீரோட்டம் பள்ளத்தாக்கின் வாயில் தடுமாறித் திரும்பி உள்ளே இறங்கும். ஏற்றவற்றம் குறுகிய சுவர்களுக்கு நடுவே சிக்கி வேகம் பிடிக்கும். இன்னொன்று, உள்ளலை. கடல் தண்ணீர் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே லேசானது, கீழே கனமானது. இந்த அடுக்குகளின் எல்லையிலும் அலைகள் எழும். மேல்பரப்பிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, உள்ளே பத்து மீட்டர் கணக்கில் தண்ணீர் ஏறி இறங்கும். அவை பள்ளத்தாக்கின் சரிவில் மோதி உடையும்போது கீழே படிந்த துகள்களை மறுபடி கிளப்பிவிடும். ஒரு முறை தவறவிட்ட உணவு பவளத்தின் கைக்குத் திரும்பவும் வருகிறது.

மத்தியதரைக் கடலின் லயன் வளைகுடாவில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். குளிர்காலத்தில் அங்கே வீசும் வறண்ட குளிர்காற்று கண்டத்திட்டின் தண்ணீரைக் குளிரவைத்துக் கனமாக்கிவிடும். அந்தத் தண்ணீர் விளிம்பைத் தாண்டி, கிரியஸ் முனைப் பள்ளத்தாக்கு வழியாக அருவி போலக் கீழே இறங்கும், மேலே விளைந்த உணவையும் அள்ளிக்கொண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் சுவர்களில் மாட்ரெபோரா என்ற வெள்ளைப் பவளம் செழித்திருக்கிறது.

இத்தனை இருந்தும் இந்தக் குடியிருப்புகள் வெகுகாலம் கண்ணில் படாமல் இருந்தன. காரணம் எளிது. கப்பல்கள் ஒலியைக் கீழ்நோக்கி அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தரையை வரைகின்றன. மேலிருந்து பார்த்தால் ஒரு செங்குத்துச் சுவர் வெறும் கோடுதான். முன்பக்கம் சாய்ந்த சுவராக இருந்தால் அந்தக் கோடும் கிடையாது. அயர்லாந்துக்குத் தென்மேற்கே உள்ள விட்டார்ட் பள்ளத்தாக்கை ஆராய்ந்த பிரிட்டிஷ் குழு இதற்கு ஒரு வழி கண்டது. ஐசிஸ் என்ற ரோபோ ஊர்தியின் அடியில் இருக்க வேண்டிய சோனார் கருவியை முன்பக்கம் பார்க்கும்படி திருப்பிப் பொருத்தினார்கள். ஊர்தி சுவரை நேருக்கு நேர் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்தது. அப்படிக் கிடைத்த படத்தில் ஏறத்தாழ 1,350 மீட்டர் ஆழத்தில் 1,600 மீட்டர் நீளமும் 120 மீட்டர் உயரமும் கொண்ட சுவர் ஒன்று தெரிந்தது. அதன்மேல் லொஃபீலியாவும் பெரிய சிப்பிகளும் இன்னும் பல உயிர்களும் நெருக்கியடித்து வாழ்ந்துகொண்டிருந்தன. 2011-இல் இந்தச் செய்தி வெளியானது. ஒரு கருவியின் பார்வையைத் தொண்ணூறு டிகிரி திருப்பியதில் ஒரு முழு ஊரே கிடைத்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

கண்ணாடியால் ஆன அண்டை வீட்டார்

கடற்பஞ்சைப் பலர் செடி என்றே நினைக்கிறார்கள். அதுவும் விலங்குதான், ஆனால் மிக எளிமையான விலங்கு. வயிறு கிடையாது, இதயம் கிடையாது, நரம்பு கிடையாது. உடல் முழுக்கத் துளைகள். துளைகளுக்குப் பின்னால் நுண்ணிய அறைகள். அறைகளின் சுவரில் உள்ள உயிரணுக்கள் சாட்டை போன்ற இழையைச் சுழற்றிச் சுழற்றித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதில் இருக்கும் பாக்டீரியாவை வடிகட்டித் தின்றுவிட்டு, மேலே உள்ள பெரிய வாய் வழியாகத் தண்ணீரை வெளியேற்றும். பவளம் தண்ணீர் தன்னிடம் வரக் காத்திருக்கிறது. கடற்பஞ்சு தண்ணீரைத் தானே இறைத்துக்கொள்கிறது. அதிலும் நல்ல ஓட்டம் உள்ள இடத்தில் இறைக்கும் செலவு குறையும். ஆகையால் இரண்டும் ஒரே சுவரைத் தேடி வருவதில் வியப்பில்லை.

ஆழத்தில் அதிகம் காண்பது கண்ணாடிக் கடற்பஞ்சு வகை. அதன் எலும்புக்கூடு சிலிக்காவால் ஆனது, அதாவது நாம் ஜன்னலில் பொருத்தும் கண்ணாடிக்கு மூலப்பொருளான அதே சிலிக்கா. கடல் தண்ணீரில் கரைந்திருப்பதை உறிஞ்சி ஊசிகளாகவும் நட்சத்திரங்களாகவும் வார்த்துக்கொள்கிறது. சில வகைகளில் ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பின்னிய கூடை போல ஆகிவிடும். கடற்பஞ்சு செத்த பிறகும் அந்தக் கூடு நிற்கும், அதன்மேல் அடுத்த தலைமுறை வளரும். கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய ஹெகேட் நீரிணையில் இப்படி வளர்ந்த கண்ணாடித் திட்டுகள் 1987-இல் கண்டுபிடிக்கப்பட்டன. அதற்கு முன் அவ்வகைத் திட்டுகள் ஜுராசிக் காலத்துப் புதைபடிவங்களில் மட்டுமே தெரிந்திருந்தன. உயிரோடு இருப்பவை சுமார் 9,000 ஆண்டுகளாக வளர்ந்துவருகின்றன.

நரம்பு இல்லை என்றேன். ஆனால் கண்ணாடிக் கடற்பஞ்சின் உடலில் மின்துடிப்பு ஓடும். உடலின் பெரும்பகுதி தனித்தனி உயிரணுக்களாகப் பிரியாமல் ஒரே திசுவாகத் தொடர்ந்து ஓடுவதால் துடிப்பு தடையில்லாமல் பரவுகிறது. ஒரு பக்கம் சேறு பட்டால் போதும், சில நொடிகளில் மொத்த உடலும் இறைப்பதை நிறுத்திவிடும். நுண்துளைகளில் சேறு அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது செய்யும் ஒரே தற்காப்பு இதுதான். இறைப்பு நின்றால் சாப்பாடும் மூச்சும் சேர்ந்தே நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து இதற்குத் திரும்ப வருவோம்.

பவளமும் கடற்பஞ்சும் இருக்கும் இடத்தில் மற்றவர்களும் வந்து சேர்வார்கள். கிளைகளின் சந்தில் சிறு சிங்கி இறால்கள், கைகளைக் கொடி போலச் சுற்றிக்கொண்ட, நட்சத்திரமீனுக்கு உறவான பாம்புக்கை நட்சத்திரங்கள். சில சிறு சுறா இனங்கள் தங்கள் முட்டைப்பைகளைப் பவளக் கிளையில் சுருள்நூலால் கட்டித் தொங்கவிடுகின்றன. சேற்றில் போட்டால் மூச்சுமுட்டும் முட்டைக்கு, கிளையில் தொங்கினால் புதுத் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருக்கும். மெட்டலோகோர்ஜியா என்ற பவளத்தோடு வாழும் ஒரு பாம்புக்கை நட்சத்திரத்தைப் பற்றிப் படித்தது என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டும் குட்டியாக இருக்கும்போதே சேர்கின்றன, சேர்ந்தே வளர்கின்றன. பெரிய பவளத்தில் பெரிய நட்சத்திரம், சின்னதில் சின்னது, ஒன்றுக்கு ஒன்றுதான்.

எல்லாம் மெதுவாக நடக்கும் இடம் அது. மான்டெரே பள்ளத்தாக்கில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு பெண் ஆக்டோபஸ் 2007 மே மாதம் பாறைச் சுவரில் முட்டைகளை அணைத்தபடி இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே முட்டைகள்மேல் இருந்தது. தோல் வெளுத்தது, கண் மங்கியது, உடல் வற்றியது. அது எதையும் தின்றதை அவர்கள் ஒரு முறைகூடக் காணவில்லை. 53 மாதங்கள், அதாவது கிட்டத்தட்ட நாலரை ஆண்டுகள், இப்படியே போயின. கடைசியில் போனபோது அது இல்லை, குஞ்சுகள் வெளியேறிய கிழிந்த முட்டைத் தோல்கள் மட்டும் பாறையில் இருந்தன.

பவளத்தின் கணக்கு இதைவிட நீளம். லொஃபீலியா ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை வளரும். அது வேகமானவர்களில் ஒருவர்! ஹவாய் அருகே எடுத்த ஒரு கருப்புப் பவளத்தின் வயதைக் கார்பன் முறையில் கணித்தபோது 4,265 ஆண்டுகள் வந்தது. அதன் தண்டு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தடித்திருக்கவில்லை.

சேறு வரும் வழி

இவற்றுக்கு மிகப்பெரிய ஆபத்து இழுவைமடி. கனமான உருளைகளும் இரும்புக் கதவுகளும் கட்டிய வலையைத் தரையோடு தரையாக இழுத்துப் போவது. பல நூற்றாண்டு வளர்ந்த பவளக் காடு ஒரே இழுப்பில் சில்லுச் சில்லாகிவிடும். செங்குத்துச் சுவரில் வலையை இழுக்க முடியாது. அதனால் விட்டார்ட் பள்ளத்தாக்கைப் போன்ற சுவர்களைப் புகலிடம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது.

ஸ்பெயினின் பலமோஸ் துறைமுகத்துக்கு அருகில் லா ஃபொனேரா என்ற பள்ளத்தாக்கு உண்டு. அதன் தோள்பகுதிகளில் செவ்விறாலுக்காக நெடுங்காலமாக மடி இழுக்கிறார்கள். பள்ளத்தாக்கின் உள்ளே கருவிகளை வைத்து அளந்தபோது, படகுகள் தொழிலுக்குப் போகும் நாட்களில், அந்த நேரங்களில், தண்ணீர் கலங்கியது. வார இறுதியில் படகுகள் கரையில் நின்றபோது தெளிந்தது. வலை சுவரைத் தொடவே இல்லை. மேலே கிளறிய சேறு, உணவு இறங்கும் அதே பாதையில் இறங்கிவந்தது. பள்ளத்தாக்குக்கு எது உணவு, எது சேறு என்று தெரியாது, கிடைத்ததையெல்லாம் கீழே கொண்டுபோகும். பிளாஸ்டிக்கும் அந்த வழியில்தான் போகிறது. இப்போது அந்தக் கண்ணாடிக் கடற்பஞ்சை நினைத்துப் பாருங்கள். சேறு பட்டதும் இறைப்பை நிறுத்துகிறது. எப்போதோ ஒரு நாள் என்றால் சமாளிக்கும். ஒவ்வொரு நாளும் என்றால்?

கடல் தண்ணீர் அமிலத்தன்மை கூடுவது இன்னொரு கவலை. காற்றில் கூடும் கரியமில வாயு கடலில் கரையும்போது சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டுவது கடினமாகிறது. ஆழத்தில் ஒரு எல்லைக்குக் கீழே அந்தச் சுண்ணாம்பு கரையவே தொடங்கும். வட அட்லாண்டிக்கில் அந்த எல்லை இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே, வட பசிபிக்கில் சில நூறு மீட்டரிலேயே. வட பசிபிக்கில் லொஃபீலியா போன்ற கல் பவளத் திட்டுகள் அரிதாகவும், மென்பவளங்களும் கண்ணாடிக் கடற்பஞ்சும் ஓங்கியும் இருப்பதற்கு இது ஒரு காரணம். இந்த எல்லை இப்போது மேலே ஏறிவருகிறது.

பாதுகாப்பு முயற்சிகள் தாமதமாகவே வந்தாலும் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பால்டிமோர், நார்ஃபோக் பள்ளத்தாக்குகளில் லொஃபீலியா இருப்பது 2012-இல்தான் முதன்முறையாகத் தெரிந்தது. சில ஆண்டுகளுக்குள், 2017 ஜனவரியில், அந்தக் கடற்பகுதியில் சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் தரையைத் தொடும் பெரும்பாலான மீன்பிடிக் கருவிகளுக்குத் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் 800 மீட்டருக்குக் கீழே அடிமடி இழுப்பதைத் தடைசெய்தது. 2022-இல் 400 மீட்டருக்குக் கீழே 87 இடங்களை அடிமீன்பிடிக்கு மூடியது.

ஆழ்கடல் ஊர்திகளின் நேரடி ஒளிபரப்பை இன்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அமெரிக்கக் கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் ஓகியானோஸ் எக்ஸ்ப்ளோரர் கப்பல் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விசிறி வடிவப் பவளங்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்திருக்கும். தண்ணீர் வரும் திசைக்குக் குறுக்கே விரிந்தால்தான் அதிகம் பிடிக்க முடியும். ஆகவே ஒளிப்படத்தில் தெரியாத நீரோட்டத்தை அந்த விசிறிகளை வைத்தே படித்துவிடலாம். அப்புறம் கிளைகளின் மேல்பக்கத்தைப் பாருங்கள். பாலிப்கள் கைவிரித்துச் சுத்தமாக இருந்தால் அங்கே தண்ணீர் நன்றாக ஓடுகிறது. கிளை நெடுக மெல்லிய பழுப்புத் தூசு படிந்து, பாலிப்கள் கிண்ணத்துக்குள் சுருங்கிக் கிடந்தால், மேலே எங்கோ தரை கிளறப்பட்டிருக்கலாம்.